இருண்ட முகிலின் காந்தத்தை அளத்தல்

1946 இல் சுப்பிரமணியன் சந்திரசேகர் ஒரு கணக்கை வெளியிட்டார். மிகச் சூடான விண்மீன்களின் வளிமண்டலத்தில் தனித்துத் திரியும் எலக்ட்ரான்கள் ஏராளம். அவற்றின்மேல் பட்டுச் சிதறி வெளியேறும் ஒளி, விண்மீன் வட்டின் ஓரத்தில் 11 சதவீதத்துக்கும் சற்று அதிகமாகத் தளவிளைவு பெற்றிருக்கும் என்று அந்தக் கணக்கு சொன்னது. ஒளியலை எல்லாத் திசைகளிலும் சமமாக அதிராமல் ஒரு திசையில் கூடுதலாக அதிர்வதைத்தான் தளவிளைவு என்கிறோம். அன்றைய தொலைநோக்கிகளில் விண்மீன் என்பது வெறும் புள்ளி. அதன் ஓரத்தை மட்டும் பிரித்துப் பார்க்க வழியில்லை. ஆனால் ஒன்றையொன்று மறைத்துச் சுற்றும் இரட்டை விண்மீன்கள் ஒரு வாய்ப்பைத் தந்தன. துணை விண்மீன் குறுக்கே வந்து வட்டின் பெரும்பகுதியை மூடும்போது எஞ்சி வருவது ஓரத்து ஒளிதான். அப்போது தளவிளைவு கூடியாக வேண்டும்.

வில்லியம் ஹில்ட்னர், ஜான் ஹால் என்ற இரு வானியலாளர்கள் அதைத் தேடினார்கள். டெக்சாஸின் மெக்டொனால்ட் வானாய்வகத்தில் சேர்ந்து தொடங்கிய வேலையைப் பிறகு தனித்தனியே தொடர்ந்தார்கள். தளவிளைவு கிடைத்தது. ஆனால் மறைப்பு நேரத்தில் அது கூடவில்லை, மறைப்பு நீங்கியதும் குறையவில்லை. எந்நேரமும் ஒரே அளவில் இருந்தது. அக்கம்பக்கத்தில் தெரிந்த மற்ற விண்மீன்களின் ஒளியிலும் அதே தளவிளைவு, ஏறக்குறைய அதே திசையில். இடையே தூசு மிகுந்து ஒளி சிவந்து வந்த விண்மீன்களில் அது கூடுதல். ஆக, காரணம் விண்மீனில் இல்லை. ஒளி வரும் வழியில் இருக்கிறது. 1949 இல் இருவரும் ‘சயின்ஸ்’ இதழில் தனித்தனியே இதை அறிவித்தார்கள். சந்திரசேகர் சொன்ன ஓரத்து விளைவும் பொய்யாகிவிடவில்லை. 1983 இல் அல்கால் என்ற இரட்டை விண்மீனில் அது அளக்கப்பட்டது. ஆனால் அதைத் தேடிப் போனவர்களுக்கு வழியில் கிடைத்தது அதைவிடப் பெரிது: விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் காந்தப்புலம் பரவிக் கிடக்கிறது என்பதற்கான முதல் கண்கூடான சான்று.

தூசு எப்படிக் காந்தத்தைக் காட்டிக்கொடுக்கிறது? விண்மீனிடைத் தூசு என்பது சிலிக்கேட்டும் கரியும் கொண்ட நுண்துகள். பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். அவை உருண்டையாக இல்லை. ஒரு பக்கம் நீண்டும் ஒரு பக்கம் குட்டையாகவும் இருக்கின்றன. விடாமல் சுழன்றுகொண்டும் இருக்கின்றன. அந்தச் சுழற்சி குட்டை அச்சைச் சுற்றி நிகழ்கிறது. அந்த அச்சு காந்த விசைக்கோட்டுக்கு இணையாக நிலைகொள்கிறது. எனவே துகளின் நீண்ட பக்கம் எப்போதும் விசைக்கோட்டுக்குக் குறுக்காகவே கிடக்கும். பின்னாலிருந்து வரும் விண்மீன் ஒளியில் நீண்ட பக்கத்தோடு ஒத்து அதிரும் பங்கு அதிகமாகத் தடைபடும். தப்பி வருவது விசைக்கோட்டுக்கு இணையாக அதிரும் பங்கு. ஒளியின் தளவிளைவுத் திசையை வரைந்தால் அதுவே வானத்தில் காந்தப்புலத்தின் திசை.

துகள்கள் இப்படி வரிசைப்படுவதற்கு 1951 இல் லெவரெட் டேவிஸும் ஜெஸ்ஸி கிரீன்ஸ்டீனும் ஒரு விளக்கம் தந்தார்கள். சுழலும் துகளின் உள்ளே காந்தப்புலம் உண்டாக்கும் ஒருவகை உராய்வு, துகளை மெல்ல மெல்லத் திருப்பி நிறுத்துகிறது என்றார்கள். திசை சரிதான். ஆனால் அந்த உராய்வு மிக மெதுவானது. வாயு அணுக்கள் வந்து மோதிக் கலைப்பதற்குள் துகள் திரும்பி முடிக்காது. ஒழுங்கற்ற வடிவுள்ள துகளின்மேல் விண்மீன் ஒளி படும்போது அந்த ஒளியே அதைத் திருகிச் சுழற்றுகிறது என்று 1976 இல் டால்கினோவும் மித்ரஃபானவும் சொன்னார்கள். 1990களில் கணினிக் கணக்குகள் அதை உறுதிப்படுத்தின. இன்று பெரும்பாலானோர் ஏற்பது இந்த ஒளித்திருக்க விளக்கத்தை. அதன் விளைவு ஒன்று நமக்கு முக்கியம்: ஒளி புகாத இடத்தில் துகள்கள் ஒழுங்காக நிற்காது. விண்மீன்கள் பிறப்பது வாயுவும் தூசும் திரண்ட முகில்களில். அவை உருவாகும் மையங்களோ முகிலின் மிக இருண்ட பகுதிகள். நாம் பார்க்க விரும்பும் இடத்திலேயே இந்தக் கருவி மங்குகிறது.

இவ்வளவு சிரமப்பட்டு அந்தக் காந்தத்தை ஏன் அளக்க வேண்டும்? விடை விண்மீன் பிறப்பில் இருக்கிறது. பால்வீதியில் மூலக்கூறு முகில்களாகத் திரண்டிருக்கும் வாயு ஏறத்தாழ 100 கோடி சூரிய நிறை. அதன் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 263 டிகிரி செல்சியஸ் அளவு. இத்தனை குளிரில் வாயுவின் அழுத்தம் மிகச் சொற்பம். ஈர்ப்பு மட்டும் ஆண்டால் ஒரு முகில் சில மில்லியன் ஆண்டுகளில் தன் எடையிலேயே சரிந்து விண்மீன்களாகிவிட வேண்டும். அப்படி நடந்தால் பால்வீதியில் ஆண்டுக்குச் சில நூறு சூரிய நிறை அளவு விண்மீன்கள் பிறக்க வேண்டும். உண்மையில் பிறப்பது ஆண்டுக்கு இரண்டு சூரிய நிறை போல. ஏதோ ஒன்று தடுக்கிறது. அது காந்தப்புலமா, வாயுவின் கொந்தளிப்பா, புதிதாய்ப் பிறந்த விண்மீன்கள் ஒளியாலும் காற்றாலும் முகிலைக் கலைப்பதா, மூன்றும் என்றால் எது எவ்வளவு என்பதுதான் கடந்த அறுபது எழுபது ஆண்டுகளாக நடக்கும் வழக்கு.

சென்னையில் காந்த ஊசியைத் திருப்பும் பூமியின் காந்தப்புலம் சுமார் 0.4 காஸ். முகிலின் வெளிப்பகுதியில் இருப்பது 10 மைக்ரோ காஸ், அதில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு மெலிந்த காந்தம் சூரியன்களின் பிறப்பைத் தடுக்குமா என்ற ஐயம் இயல்பானது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கன சென்டிமீட்டரில் 300 வாயுத் துகள்கள் உள்ள குளிர்ந்த முகிலில் வெப்பத்தால் வரும் அழுத்தத்தைவிட, 10 மைக்ரோ காஸ் காந்தப்புலத்தின் அழுத்தம் சுமார் பத்து மடங்கு அதிகம். காந்தம் மெலிந்ததுதான், வாயு அதைவிட மெலிந்தது.

இன்னொரு நுட்பமும் உண்டு. இந்தத் துறையின் விவாதங்கள் எல்லாம் அதைச் சுற்றியே நடக்கின்றன. முகிலில் மின்னேற்றம் பெற்ற துகள்கள் காந்த விசைக்கோடுகளோடு பிணைந்திருக்கின்றன. முகில் சுருங்கினால் விசைக்கோடுகளும் கூடவே நெருங்குகின்றன, காந்தப்புலம் வலுக்கிறது. முகில் ஊடாகச் செல்லும் மொத்த விசைக்கோடுகளின் அளவு, அதாவது காந்தப்பாயம், மாறுவதில்லை. ஈர்ப்பு ஆற்றல் நிறையின் இருமடியை ஆரத்தால் வகுத்தது போலக் கூடும். காந்த ஆற்றல் பாயத்தின் இருமடியை அதே ஆரத்தால் வகுத்தது போலக் கூடும். இரண்டும் ஒரே விகிதத்தில் வளர்வதால், எவ்வளவு சுருங்கினாலும் யார் பலசாலி என்பது மாறாது. தொடக்கத்தில் எந்தப் பக்கம் ஓங்கியிருந்ததோ அதுவே கடைசிவரை ஓங்கியிருக்கும். ஆகவே ஒரு முகிலின் தலைவிதியைச் சொல்லும் எண் காந்தப்புலம் மட்டும் அல்ல. நிறைக்கும் காந்தப்பாயத்துக்கும் உள்ள விகிதம். ஒரு மாறுநிலை மதிப்பைவிட அது குறைவாக இருந்தால் காந்தம் தாங்கும். கூடினால் முகில் சரியும். முஸ்கோவியாஸும் ஸ்பிட்சரும் 1976 இல் இந்த எல்லையைத் துல்லியமாக வரையறுத்தார்கள்.

இனி அளப்பதற்கு வருவோம். விண்மீன் ஒளியின் தளவிளைவு முகிலின் ஓரங்களில்தான் பயன்படும். நடுவில் ஒளி ஊடுருவாது. இந்தியாவில் நைனிடால் மனோரா சிகரத்தில் உள்ள 104 சென்டிமீட்டர் சம்பூர்ணானந்த் தொலைநோக்கியில் ஏம்போல் என்ற கருவியைப் பொருத்தி இந்த ஓரப் பகுதிகளைப் பல ஆண்டுகளாக அளந்துவருகிறார்கள். அதற்கும் உள்ளே போக வேறு வழி தேவை. நல்லவேளையாகத் தூசு ஒளியைத் தடுப்பதோடு நிற்பதில்லை. தானும் மங்கலாக ஒளிர்கிறது, தொலை அகச்சிவப்பிலும் மில்லிமீட்டருக்குக் குறைந்த அலைநீளங்களிலும். நீண்ட பக்கம் அதிகமாக உமிழ்வதால் இந்த உமிழ்வின் தளவிளைவு விசைக்கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கும். தொண்ணூறு டிகிரி திருப்பி வரைந்தால் காந்தத்தின் திசை. சிகாகோவின் ரோஜர் ஹில்டபிராண்டும் உடன் பணிபுரிந்தவர்களும் 1980களில் கைப்பர் பறக்கும் வானாய்வகத்திலிருந்து ஓரியனில் இதை அளந்தார்கள். வளிமண்டல நீராவி இந்த அலைகளை விழுங்கிவிடுவதால் விமானத்தில் தொலைநோக்கி ஏற்றிப் பறக்க வேண்டியிருந்தது.

2009 இல் ஏவப்பட்ட பிளாங்க் விண்கலம் 353 கிகா ஹெர்ட்ஸில் வானம் முழுவதையும் இப்படி வரைந்தது. அருகிலுள்ள பத்து முகில்களை அதன் தரவில் ஆராய்ந்தபோது ஒரு நேர்த்தியான ஒழுங்கு தெரிந்தது. வாயு மெலிந்த இடங்களில் முகிலின் இழைகள் காந்தத்துக்கு இணையாக ஓடுகின்றன. வாயு அடர்ந்த இடங்களில் அவை காந்தத்துக்குக் குறுக்காகத் திரும்பிவிடுகின்றன. காந்தம் பலமற்றதாக இருந்தால் கொந்தளிக்கும் வாயு அதைத் தன் இஷ்டத்துக்கு முறுக்கியிருக்கும். இந்த ஒழுங்கு வந்திராது. எனக்கு இந்த முடிவு பெரிதும் நம்பத்தக்கதாகப் படுகிறது. ஒரு தனி முகிலின் தற்செயலான அமைப்பில் அது தொங்கவில்லை. பத்து முகில்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

நெருங்கிப் பார்த்த இடத்திலும் ஓர் அழகான சான்று உண்டு. சரியும் முகில் விசைக்கோடுகளை நடுவில் உள்ளிழுக்குமானால், அவை இடை சிறுத்து உடுக்கை வடிவம் கொள்ள வேண்டும். 2006 இல் ஹிராட், ராம்பிரசாத் ராவ், மேரோன் மூவரும் ஹவாயின் சப்மில்லிமீட்டர் அணியைக் கொண்டு பெர்சியஸ் முகிலில் பிறந்துகொண்டிருக்கும் ஓர் இளம் விண்மீனைச் சுற்றி அந்த வடிவத்தை அப்படியே படம் பிடித்தார்கள்.

ஆனால் தூசு திசையை மட்டுமே சொல்லும். அதிலும் வானத்தில் நமக்குத் தட்டையாகத் தெரியும் கூறின் திசையை மட்டும். வடமுனை எந்தப் பக்கம் என்று சொல்லாது. வலிமை எவ்வளவு என்றும் சொல்லாது.

வலிமைக்கு முதல் வழி கண்டவர்களில் சந்திரசேகர் மறுபடி வருகிறார். 1950களின் தொடக்கத்தில் சிகாகோவில் அவரும் என்ரிகோ ஃபெர்மியும் தொடர்ந்து சந்தித்து விண்வெளிக் காந்தம் பற்றிப் பேசினார்கள். ஃபெர்மிக்கு இதில் முன்பே அக்கறை இருந்தது. அண்டக் கதிர்களுக்கு வேகமூட்டுவது விண்வெளியில் அலையும் காந்தப்புலங்கள்தான் என்று 1949 இல் அவர் எழுதியிருந்தார். அந்தப் பேச்சுகளின் விளைவாக 1953 இல் இரு கட்டுரைகள் வந்தன. அவற்றில் ஒன்றின் கருத்து இது. வாயுவோடு பிணைந்த விசைக்கோடு, முறுக்கிக் கட்டிய வீணைத் தந்தி போன்றது. வாயு கொந்தளித்து அதை உலுக்குகிறது. தந்தி தளர்வாக இருந்தால் அகல அசையும். விறைப்பாக இருந்தால் சற்றே நடுங்கும். எனவே வாயுவின் வேகச் சிதறலும் அடர்த்தியும் தெரிந்து, தளவிளைவுத் திசைகள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியலைகின்றன என்பதும் தெரிந்தால் தந்தியின் விறைப்பு, அதாவது காந்தத்தின் வலிமை, கிடைத்துவிடும்.

அவர்கள் எடுத்துக்கொண்ட எண்கள் மிக எளியவை: திசை விலகல் 0.2 ரேடியன், வாயு வேகம் நொடிக்கு 5 கிலோமீட்டர். கிடைத்தது 7.2 மைக்ரோ காஸ். பால்வீதியின் சுருள் கை கலையாமல் நிற்கத் தேவையான அழுத்தத்தைக் கொண்டு வேறொரு வழியிலும் கணக்கிட்டார்கள். கிடைத்தது 6 மைக்ரோ காஸ். நம் சுற்றுவட்டார விண்மீனிடை வெளியில் இன்று ஏற்கப்படும் மதிப்பு 5, 6 மைக்ரோ காஸ் அளவில் இருக்கிறது. கையளவு தரவை வைத்துக்கொண்டு, உண்மைக்கு இத்தனை அருகே வந்த கணக்குகள் வானியலில் அதிகம் இல்லை. டேவிஸ் 1951 இலேயே ஏறத்தாழ இதே வழியைச் சொல்லியிருந்ததால் இப்போது இதை டேவிஸ்–சந்திரசேகர்–ஃபெர்மி முறை என்று அழைக்கிறார்கள். அந்தப் பெயர்வரிசை நியாயமானது.

முறையின் பலவீனங்களையும் சொல்ல வேண்டும். பார்வைக்கோட்டில் முன்னும் பின்னும் உள்ள பல அடுக்குகளின் திசைகள் ஒன்றாகக் கலந்து சராசரியாகிவிடுவதால் விலகல் குறைவாகத் தெரியும். வலிமை மிகையாக வரும். 2001 இல் ஆஸ்டிரைக்கரும் ஸ்டோனும் காமியும் கணினியில் முகில்களை உருவாக்கிச் சோதித்து, கிடைக்கும் மதிப்பை ஏறத்தாழ பாதியாக்க வேண்டும் என்றார்கள். விலகல் 25 டிகிரிக்குமேல் போனால் அதுவும் பொருந்தாது என்றார்கள். எல்லா அசைவும் தந்தி அசைவு அல்ல, வாயு அமுங்கி விரிவதாலும் அலைகள் எழும் என்பதால் சூத்திரத்தையே மாற்ற வேண்டும் என்று 2021 இல் ஸ்காலிடிஸும் டாசிஸும் வாதிட்டார்கள். அடர்த்தியை நேரே அளக்க முடியாது. முகிலின் ஆழம் இவ்வளவு என்று ஊகித்தே பெற வேண்டும். 2017 இல் ஹவாயின் மௌன கேயாவிலுள்ள ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் தொலைநோக்கியால் ஓரியன் முகிலின் அடர்ந்த மையத்தில் இம்முறையில் கண்ட மதிப்பு 6.6 மில்லி காஸ். அதன் பிழைவரம்பு 4.7 மில்லி காஸ். ஆய்வாளர்கள் அந்தப் பிழையை மறைக்காமல் ஆய்வுச் சுருக்கத்திலேயே கொடுத்திருக்கிறார்கள், அதை மதிக்கிறேன். ஆனால் செய்திகளில் வரும்போது பிழை உதிர்ந்து 6.6 மட்டும் நிற்கிறது. முகிலின் காந்தம் இத்தனை காஸ் என்று எங்கே படித்தாலும், எந்த முறையில் அளந்தது, எந்தத் திசைக் கூறு, பிழை எவ்வளவு என்று கேட்டுவிட்டு நம்புவதே முறை.

காந்தத்தை ஊகம் கலக்காமல் நேரடியாக அளக்க ஒரே ஒரு வழி இருக்கிறது: சீமன் விளைவு. காந்தப்புலத்தில் வைத்த அணுவின் நிறமாலை வரி பிரிகிறது என்று 1896 இல் டச்சு இயற்பியலாளர் பீட்டர் சீமன் கண்டார். 1902 இல் லாரன்ட்ஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பிளவின் அளவு காந்தத்தின் வலிமையைப் பொறுத்தது; அடர்த்தி, வேகம், தூசின் வடிவம் எதுவும் அதில் குறுக்கிடுவதில்லை. விண்மீனிடை ஹைட்ரஜன் உமிழும் 1420 மெகா ஹெர்ட்ஸ் வரியில் இதைத் தேடலாம் என்று 1957 இல் போல்டனும் வைல்டும் முன்மொழிந்தார்கள். சொல்வது எளிது. அந்த வரியில் ஒரு மைக்ரோ காஸ் உண்டாக்கும் பிளவு 2.8 ஹெர்ட்ஸ். 10 மைக்ரோ காஸ் என்றால் 28 ஹெர்ட்ஸ். வாயுவின் அசைவால் அந்த வரியே சில ஆயிரம் ஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவிக் கிடக்கிறது. பிளவு கண்ணுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

தப்பும் வழி, பிளந்த இரு கூறுகளும் எதிரெதிராகச் சுழலும் வட்டத் தளவிளைவு கொண்டவை என்பதில் இருக்கிறது. வலஞ்சுழிக் கூறையும் இடஞ்சுழிக் கூறையும் தனித்தனியே பதிந்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், பெரும்பகுதி அழிந்து மிக மெல்லிய ஓர் எச்சம் நிற்கும். வரியின் ஒரு பக்கம் மேலும் மறுபக்கம் கீழுமாக வளையும் அந்த எச்சத்தின் உயரம்தான் காந்தத்தின் அளவு. அது எந்தப் பக்கம் வளைகிறது என்பது காந்தம் நம்மை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்பதையும் சொல்லிவிடும். ஆண்டுக்கணக்கில் பலர் முயன்றும் அது பிடிபடவில்லை. 1968 இல்தான் கெரிட் வெர்ஷூர், அமெரிக்காவின் கிரீன் பேங்கில் உள்ள 140 அடித் தொலைநோக்கியால், காசியோப்பியா ஏ என்ற விண்மீன் வெடிப்பு எச்சத்தின் முன்னே இருக்கும் வாயுவில் அதை முதன்முதலில் கண்டார்.

அது அணு ஹைட்ரஜன். மூலக்கூறு முகிலுக்குள் பெரும்பாலும் இருப்பது ஹைட்ரஜன் மூலக்கூறு. அது சீமன் பிளவுக்கு உதவாது. வானியலாளர்கள் முகில்களை வரையப் பயன்படுத்தும் கார்பன் மோனாக்சைடும் உதவாது. இணைசேராத எலக்ட்ரான் ஒன்றாவது இருந்தால்தான் பிளவு அளக்கும்படி இருக்கும். அப்படிப்பட்டவை சிலவே: ஹைட்ராக்சில், சயனோஜன், இன்னும் ஓரிரண்டு. இவற்றில் ஹைட்ராக்சில் வரிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசை. அவை 1665, 1667 மெகா ஹெர்ட்ஸில் இரட்டையாக வருகின்றன. முதலாவது ஒரு மைக்ரோ காஸுக்கு 3.27 ஹெர்ட்ஸ் பிளக்கிறது; இரண்டாவது 1.96 ஹெர்ட்ஸ். தொலைநோக்கியின் வலஞ்சுழிப் பார்வையும் இடஞ்சுழிப் பார்வையும் வானத்தில் மயிரிழை அளவு விலகியிருந்தால்கூட, வேகம் சீராக இல்லாத முகிலில் பொய்யான சீமன் எச்சம் தோன்றிவிடும். ஆனால் அந்தப் பொய் இரு வரிகளிலும் ஒரே அளவு ஹெர்ட்ஸாகத் தோன்றும். உண்மையான காந்தம் மட்டுமே 3.27க்கு 1.96 என்ற விகிதத்தில் பிளக்கும். இரு வரிகளும் தனித்தனியே ஒரே காந்தத்தைச் சொன்னால்தான் முடிவை ஏற்கிறார்கள். இயற்கையே தன் சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்ய வழி வைத்திருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது. சயனோஜனிலும் இந்த வசதி உண்டு: 113 கிகா ஹெர்ட்ஸ் அருகே ஏழு வரிகள், நான்கு வலுவாகப் பிளக்கும், மூன்று மிகக் குறைவாக.

இந்த வேலைக்கு ஆயுளைக் கொடுத்தவர் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு கிரட்சர். அவரும் டாம் டிரோலண்டும் புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியில் ஏறத்தாழ 500 மணி நேரம் செலவிட்டு 34 இருண்ட மையங்களை அளந்தார்கள். காந்தம் உறுதியாகத் தென்பட்டது ஒன்பதில். 2008 இல் வெளியான அந்த அட்டவணை இன்றும் துறையின் அடிப்படை. மற்ற 25 இடங்களும் வீண் அல்ல. ‘இதற்குமேல் இல்லை’ என்ற உச்சவரம்பும் ஒரு செய்திதான். மேலும் சீமன் விளைவு பார்வைக்கோட்டுக் கூறை மட்டுமே தருகிறது. காந்தம் நமக்குக் குறுக்காகக் கிடந்தால் எவ்வளவு வலுத்தாலும் எச்சம் சுழியம். திசைகள் கண்டபடி அமைந்திருந்தால் பார்வைக்கோட்டுக் கூறின் சராசரி, முழு வலிமையில் பாதி. அதனால் ஒரு முகிலைப் பற்றி அல்ல, பல முகில்களைச் சேர்த்துப் புள்ளியியலாகத்தான் பேச முடியும்.

கிரட்சர் குழு 2010 இல் அப்படித்தான் பேசியது. ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 300 ஹைட்ரஜன் அணுக்கள் வரையிலான அடர்த்தியில் காந்தத்தின் உச்ச அளவு 10 மைக்ரோ காஸிலேயே நிற்கிறது. அதற்குமேல் அடர்த்தியின் 0.65 மடிப்படி ஏறுகிறது. விசைக்கோடுகளோடு பிணைந்த ஒரு கோளம் எல்லாப் பக்கமும் சமமாகச் சரிந்தால் வர வேண்டிய மடி மூன்றில் இரண்டு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. காந்தமே ஆதிக்கம் செய்தால் வாயு விசைக்கோட்டின் வழியே மட்டும் வழிந்து தட்டையாகியிருக்கும். மடி பாதியளவில் நின்றிருக்கும். அடர்ந்த மையங்களில் நிறைக்கும் பாயத்துக்கும் உள்ள விகிதம் மாறுநிலையைப்போல் சுமார் இரண்டு மடங்கு. அதாவது ஈர்ப்பு வென்றிருக்கிறது, ஆனால் நெருங்கிய போட்டியில்.

அப்படியானால் காந்தம் எப்போது தோற்றது? ஃபிராங்க் ஷுவும் முஸ்கோவியாஸும் வளர்த்த கோட்பாட்டின்படி முகில்கள் தொடக்கத்தில் காந்தத்தால் தாங்கப்பட்டவை. விசைக்கோடுகளோடு பிணைந்தவை அயனிகள் மட்டுமே. அடர்ந்த முகிலில் அவை ஏறத்தாழ கோடியில் ஒன்று. மின்னேற்றமற்ற மற்ற துகள்கள் விசைக்கோடுகளினூடே மெல்ல நழுவி நடுவில் சேரும். மெஸ்டலும் ஸ்பிட்சரும் 1956 இல் சொன்ன இந்த நழுவல், தடையற்ற சரிவைவிடச் சுமார் பத்து மடங்கு மெதுவானது. விண்மீன்கள் மெதுவாகப் பிறப்பதற்கு அருமையான விளக்கம். இது உண்மையானால் முகிலின் மையத்தில் நிறை–பாய விகிதம் கூடியும், சுற்றியுள்ள உறையில் குறைந்தும் இருக்க வேண்டும். 2009 இல் கிரட்சர், ஹகோபியன், டிரோலண்ட் நான்கு முகில்களில் இதைச் சோதித்தார்கள். முடிவு தலைகீழாக வந்தது: மையத்தில் விகிதம் குறைவு. உறையின் காந்தம் எங்கும் ஒரே திசையில் இருப்பதாக எண்ணியது தவறு என்று முஸ்கோவியாஸும் டாசிஸும் கடுமையாக மறுத்தார்கள். நான்கு முகில்கள், பெரிய பிழைவரம்புகள். அந்தத் தரவால் வழக்கைத் தீர்த்திருக்க முடியாது என்பதே என் முடிவும்.

2022 இல் சீனாவின் குய்சோ மாகாணத்தில் உள்ள 500 மீட்டர் ஃபாஸ்ட் தொலைநோக்கி வேறொரு வாசலைத் திறந்தது. மூலக்கூறு முகிலுக்குள்ளும் சிறிதளவு அணு ஹைட்ரஜன் குளிர்ந்து கலந்திருக்கிறது. பின்னணி ஹைட்ரஜனின் ஒளிர்வை அது மெல்லிய வெட்டாக உறிஞ்சிக் காட்டுகிறது. ரிஷப மண்டலத்தில் உள்ள லிண்ட்ஸ் 1544 என்ற கருமையத்தின் உறையில் தாவ்-சுங் சிங்கும் குழுவினரும் அந்த வெட்டின் சீமன் பிளவை அளந்தார்கள்: 3.8 மைக்ரோ காஸ், பிழை 0.3 மட்டும். இத்தனை மெலிந்த காந்தம் இத்தனை துல்லியமாக ஒரு மூலக்கூறு உறையில் அளக்கப்பட்டது வியப்புக்குரியது. அதே மையத்தின் உட்பகுதியில் அரெசிபோ ஹைட்ராக்சிலால் முன்பு கண்டது சுமார் 11 மைக்ரோ காஸ். உறையின் நிறையோடு 3.8 ஐ ஒப்பிட்டால் உறையிலேயே ஈர்ப்பு காந்தத்தை மிஞ்சியிருக்கிறது. பழைய கோட்பாடு மையத்தில் நடப்பதாகச் சொன்ன மாற்றம், மையம் உருவாகும் முன்பே, உறை திரண்டபோதே நடந்து முடிந்துவிட்டது. ஒரே ஒரு முகிலில் கிடைத்த விடைதான். ஆனால் 2009 இன் நான்கு முகில்களைவிட நான் இதை அதிகம் நம்புகிறேன். அளவின் பிழைவரம்பே அதற்குக் காரணம்.

அரெசிபோவின் 305 மீட்டர் தொலைநோக்கி 2020 டிசம்பர் 1 அன்று இடிந்து விழுந்தது. சீமன் அளவீட்டில் அதன் இடத்தை இப்போது தாங்குவது பெரும்பாலும் ஃபாஸ்ட் மட்டுமே. தென்னாப்பிரிக்காவில் எழும் எஸ்கேஏ தொலைநோக்கி அணி ஹைட்ரஜன், ஹைட்ராக்சில் வரிகள் இரண்டையும் கேட்கும் திறன் கொண்டது. எஸ்கேஏ திட்டத்துக்கு இந்திய அரசு 2024 ஜனவரியில் 1,250 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. அந்தப் பணத்துக்குப் பயன் கிடைக்க, வட்டத் தளவிளைவைப் பிழையின்றிக் கழித்தெடுக்கும் நுட்பம் தெரிந்த இளைஞர்கள் இப்போதே பயிற்சி பெற வேண்டும். தொடங்குவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பிளாங்க் விண்கலத்தின் முழு வானத் தளவிளைவு வரைபடங்களை ஐரோப்பிய விண்வெளி முகமை யாரும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. இயற்பியல் படிக்கும் மாணவர் ஒருவர் தன் கல்லூரிக் கணினியிலேயே ரிஷப முகிலின் காந்தத் திசைகளை வரைந்து, சந்திரசேகரும் ஃபெர்மியும் 1953 இல் போட்ட கணக்கைத் தானே போட்டுப் பார்க்கலாம். ஆசிரியர்கள் அதை ஒரு செய்முறையாகவே கொடுக்க வேண்டும்.